என் நம்பரில் இன்னொரு வண்டி

அந்த மோட்டார் சைக்கிளை நான் வாங்கும்போது அதற்குப் பதினோரு வயது. டெல்லியில் பெட்ரோல் வண்டியைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள். மிச்சமிருக்கும் நாலு வருஷம் ஓடினால் போதும் என்று நினைத்தேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து அலுத்துப்போயிருந்த சமயம். மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காலையில் அவளைக் கூட்டிவரவும் ஒரு வண்டி தேவையாக இருந்தது.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியிடம் இதை வாங்கினேன். கறுப்பு வண்டி, டேங்கில் சிவப்புக் கோடு. சோதிக்காமல் எந்த வண்டியையும் விற்பதில்லை என்று சொல்லி ஒன்பது பக்க அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பிரேக், செயின், டயர், ஹாரன், லைட், எல்லாவற்றுக்கும் எதிரில் பச்சை டிக். கடைசிப் பக்கத்தில், எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யுடன் பொருந்துகின்றன என்று ஒரு வரி. அதற்கும் பச்சை டிக். நான் இருபது வருஷமாக மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறவன். டிக் போட்ட காகிதத்தை மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. பெயர் மாற்றத்தையும் கம்பெனியே முடித்துக் கொடுத்தது.

வண்டி நன்றாகவே ஓடியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் சம்பவம் நவம்பரில் நடந்தது. வழக்கம்போல் ஊரே புகையில் மூழ்கியிருந்தது. புகைச் சோதனைச் சான்றிதழ் இல்லாத வண்டிகளை ஆங்காங்கே நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் மூலையில் சோதனை செய்யும் சின்னக் கூண்டு. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். உள்ளே இருந்தவர் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன பையா, மறுபடியும் வந்துட்டீங்க?" என்று ஹிந்தியில் கேட்டார். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் பையா, அண்ணன்தான்.

"மறுபடியுமா? இப்பத்தான் வர்றேன்."

"காலைல ஒம்பது மணிக்கு வந்தீங்களே. பேப்பர் தொலைஞ்சுபோச்சா? இன்னொரு பிரிண்ட் போட்டுத் தரட்டுமா?"

வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்று சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சோதனையின்போது வண்டியை நம்பர் பிளேட்டோடு படம் எடுப்பது வழக்கம். படத்தில் இருந்தது கறுப்பு வண்டி. டேங்கில் சிவப்புக் கோடு. என் நம்பர். பின்னால் தெரிந்தது அதே பங்க்கின் சுவர். மணி ஒன்பது பன்னிரண்டு. அந்த நேரத்தில் நான் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நம்பரைத் தப்பா அடிச்சிருப்பீங்க."

"நம்பரை நான் அடிக்கலை பையா. கேமரா எடுக்குது." ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் வந்தீங்க. இதே சாம்பல் ஹெல்மெட், இதே பிரவுன் ஜாக்கெட். நல்லா இருக்கு, வண்டி ஒழுங்கா வெச்சிருக்கீங்கன்னுகூடச் சொன்னேன்."

மூன்று மாதத்துக்குச் செல்லும் சான்றிதழை இன்னொரு முறை அச்சடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என் வண்டியின் புகைக்குழாயில் அவர் கருவியை நுழைக்கவே இல்லை. ஆனால் அது சோதனையில் தேறிவிட்டதாக என் பையில் காகிதம் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். "டெல்லியில அந்த பிரவுன் ஜாக்கெட் ஆயிரம் பேரு போட்டிருப்பாய்ங்க. ஒரு வேலை மிச்சம்னு விடுங்க" என்றாள். நானும் அப்படித்தான் விட்டேன்.

பத்து நாள் கழித்து போனில் டிராஃபிக் போலீஸின் அபராதச் சலான் வந்தது. பின்னால் அமர்ந்தவர் ஹெல்மெட் அணியவில்லை என்று குற்றம். இடம் யமுனைப் பாலம். நேரம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபது. கூடவே கேமரா எடுத்த படம். ஓட்டுகிறவன் சாம்பல் ஹெல்மெட் போட்டிருந்தான், என்னுடையது மாதிரியே. பிரவுன் ஜாக்கெட். பின்னால் ஒரு பெண். தலையில் ஹெல்மெட் இல்லை. துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள். கேமரா கம்பத்தின் உச்சியில் இருப்பது. யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் பார்த்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவிக்கு நைட் டூட்டி. காலை எட்டு மணிக்குத்தான் நான் போய் அவளைக் கூட்டிவந்தேன். ஆறு இருபதுக்கு நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

படத்தை அவளிடம் காட்டினேன். போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் ஜாக்கெட்டை, பிறகு நம்பரை, பிறகு அந்தப் பெண்ணை.

"நான் இல்ல" என்றேன்.

"தெரியும். ஹெல்மெட் போடாம நீங்க யாரையும் வண்டில ஏத்த மாட்டீங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போகும்போது, "உக்காந்திருக்கிற விதம் மட்டும் அப்படியே நீங்கதான். இடது தோளு எறங்கி" என்றாள்.

அடுத்த சலான் வியாழக்கிழமை வந்தது. ஆஷ்ரம் சந்திப்புப் பக்கம், ஆறு முப்பத்தைந்து. அதற்கடுத்தது சனிக்கிழமை; ரிங் ரோட்டில் இன்னும் இந்தப் பக்கம், ஆறு ஐம்பது. எல்லாவற்றிலும் அதே பெண். எல்லாவற்றிலும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படத்திலும் அவர்கள் எங்கள் வீட்டை நோக்கிக் கொஞ்சம் நெருங்கியிருந்தார்கள். கேமராக்கள் அந்தந்த இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வண்டியை மறுபடி சோதிக்கக் கொடுத்தேன். இந்த முறை முனிர்காவில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். அங்கே இருந்த மேஸ்திரி செல்போன் விளக்கை அடித்து, ஹேண்டிலுக்குக் கீழே அடித்திருந்த சேசிஸ் நம்பரை எழுத்து எழுத்தாக வாசித்தார். நான் ஆர்.சி.யைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. "வண்டி உங்களுதுதான் சார். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் கீழே இறங்கிப் போய் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்ப்பேன். டிசம்பர் குளிரில் இரும்பு விரலைக் கடிக்கும். ஒருநாள் மட்டும் லேசாக வெதுவெதுப்பு இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த கார் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அதன் புகைக்குழாய் இந்தப் பக்கம்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

மனைவி அதற்குள் வண்டியில் ஏறுவதை நிறுத்தியிருந்தாள். சண்டையெல்லாம் இல்லை. "பனியா இருக்கு, மெட்ரோலயே வந்துர்றேன்" என்பாள்.

செவ்வாய், வியாழன், சனி. தவறாமல் அதே கிழமைகள், அதே வேளை. இதைக் கவனித்ததும் அவர்களை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மோதி பாக் மேம்பாலத்துக்குச் சற்று முன்னால், சிக்னலுக்கு அருகே, வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தேன். முதல் இரண்டு நாளும் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நாள் சிவப்பு விழுந்ததும் வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. எனக்கு இரண்டு வண்டி தள்ளி முன்னால் ஒரு பின்விளக்கு. அதற்குக் கீழே என் நம்பர்.

மொத்த நம்பரையும் இரண்டு தரம் வாசித்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் முன்னால் பார்த்தார், குனிந்து என் முன்பிளேட்டைப் பார்த்தார், மறுபடி முன்னால் பார்த்தார். "பையா, ரெண்டும் ஒரே நம்பரா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

பின்தொடர்ந்தேன். முன்னால் போன வண்டியின் சத்தமும் என் வண்டியின் சத்தமும் ஒன்றாக இருந்தன. அவன் கியர் மாற்றும்போது என் கால் தானாக மாற்றியது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடியே போனாள். மனைவி சொன்ன மாதிரி அவனுக்கு இடது தோள் இறங்கித்தான் இருந்தது. எனக்கு ஒரு கட்டத்தில், நான் பின்னால் போகவில்லை, என்னையே கொஞ்சம் தாமதமாகப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்று தோன்றிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு கேட்டுக்கு முன்னால் அவர்கள் நின்றார்கள். நான் பின்னால் போய் நின்றேன். அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். என்னையல்ல, என் நம்பரை. கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில், "இங்க பாருங்க, நம்ம வண்டி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் நான் எதைக் கண்டு பயந்தேனோ, அதைக் கண்டு இப்போது அவள் பயந்துகொண்டிருந்தாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். என் வயதுதான், ஆனால் முகத்தில் என் சாயல் துளியும் இல்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. யமுனைக்கு அந்தப் பக்கம் மண்டாவலியில் ஓர் அச்சகத்தில் வேலை. சொந்த ஊர் பீகார். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் ஏழு மணிக்கு டயாலிசிஸ். ஹெல்மெட் போட்டால் குமட்டிக்கொண்டு வருமாம். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டால்தான் மூச்சு சீராக வருமாம். நான்கு மணி நேரம் அவள் உள்ளே இருக்கும்போது அவன் வெளியே சுற்றிக்கொண்டிருப்பான். அப்படித்தான் அந்த பங்க்குக்கும் போயிருக்கிறான்.

அவளை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "எனக்கும் நடந்திருக்கு பையா" என்றான். "ரெண்டு மாசம் முன்னாடி இங்க பார்க்கிங்ல டோக்கன் குடுக்கிறவர், இப்பத்தானே வெளிய ரோட்ல இதுல போனே, வண்டி எப்படி உள்ள நிக்குதுன்னு கேட்டார். அன்னிக்கு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லல."

அவன் அந்த வண்டியை முதல் சொந்தக்காரர் இறந்தபிறகு அவர் மனைவியிடமிருந்து நேராக வாங்கியிருந்தான். பெயர் மாற்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைவதில் அதற்கு எங்கே நேரம் என்றான். பழைய ஆர்.சி. புத்தகம் அவனிடம் இருந்தது. என்னிடம் இருந்தது, பழைய புத்தகம் தொலைந்துபோனதாகச் சொல்லி யாரோ வாங்கிய நகலை வைத்துப் பெயர் மாற்றியது. அதை அதுவரை நான் பெரிதாக நினைத்ததில்லை.

டயாலிசிஸ் ஃபைலிலிருந்து இரண்டு வெள்ளைத்தாளை உருவி, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான். அவன் வண்டியின் சேசிஸ் நம்பர்மேல் ஒரு தாளை வைத்துத் தேய்த்தான். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே அழுத்தத்தில் வரிசையாக வந்தன. பிறகு இன்னொரு தாளோடு என் வண்டிக்கு வந்து குனிந்தான். அதே எண்கள் அதே வரிசையில் வந்தன. அவன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன?"

"எனக்கு எழுத்துதான் தொழில். இது கையால அடிச்சது." என் தாளில் விரலை வைத்தான். "இந்த எட்டைப் பாருங்க, வரிசையை விட்டு எறங்கியிருக்கு. இது சாய்ஞ்சிருக்கு. சுத்தி லேசா கோடு தெரியுதா? அரம் போட்டு ராவின தடம். இதுக்குக் கீழ வேற நம்பர் இருந்திருக்கு."

ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த போலி வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அவனுடையதுதான் நிஜம். அவர்களைத் துரத்திக்கொண்டிருந்த நிழல் நான்தான்.

வீட்டுக்கு அதே வண்டியில்தான் வர வேண்டியிருந்தது. அந்த இருபது நிமிஷம் கைப்பிடியை முழுசாகப் பிடிக்க மனம் வரவில்லை. யாருடையது என்று தெரியாத வீட்டுக்குள் நுழைந்து யாருடைய கட்டிலிலோ படுத்திருப்பதைப் போல இருந்தது. இரண்டு முறை சோதித்தார்கள், இரண்டு முறையும் தேறியது. வண்டியில் இருக்கும் நம்பர் காகிதத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த நம்பர் அந்த வண்டியுடையதுதானா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மனைவி டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"போலீஸ்ல போய்ச் சொல்லிருங்க. எவன் திருடினதோ, எதுல மாட்டினதோ."

"சொன்னா அந்த ஆள் வண்டியையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சுருவாங்க."

டயாலிசிஸ் என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு நாள் தவறினாலே நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிரும்" என்றாள். பிறகு, "அதையும் சொல்லுங்க. மறைக்காதீங்க. மனுசன்தானே கேக்கப்போறான்" என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் ஹரியானாக்காரர், நடுவயது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் நிறுத்தி, "இவங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்றார். பார்த்தேன் என்று சொல்லி டயாலிசிஸ் விஷயத்தையும் சொன்னேன். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "அவன் வண்டி நிஜம்னா எங்கயும் ஓடிப்போகாது. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். படம் எடுத்து, எண்ணைப் பதிந்துகொண்டு, அரைமணி நேரத்தில் அனுப்பிவிட்டார். வழக்கில் பதிந்ததை வைத்து, அந்த நம்பரிலிருந்து என் பெயரை நீக்கி, வண்டியைப் பின்னால் அவன் பெயருக்கே மாற்றினார்கள். அவள் இன்னும் வாரம் மூன்று நாள் போய்வருகிறாள். மனைவி அவளோடு போனில் பேசுவாள். சாப்பாட்டில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

என் வண்டியை ஸ்டேஷனுக்குப் பின்னால், துருப்பிடித்த வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். விற்ற கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்தது. அவர்களுக்கு விற்ற ஏஜெண்டைத் தேடிப் போனபோது அந்த முகவரியில் ஒரு தையல் கடை இருந்தது.

இரண்டு மாதம் கழித்து சப் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ராவிய இடத்தில் ஆசிட் வைத்துத் தேய்த்தால் பழைய எண்ணின் தடம் மேலே வருமாம். வந்திருக்கிறது. வண்டி திருட்டுப் போனதாக எங்கும் புகார் இல்லை. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால், டெல்லிக்குத் தெற்கே பல்லப்கரில் ஓர் ஆள் காணாமல் போன புகாரில் அந்த நம்பர் இருந்தது. இருபத்தாறு வயது. ஒரு மத்தியானம் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை.

"அவங்க அப்பா வர்றார். உங்களையும் பார்க்கணும்னு சொல்றார். வரணும்னு கட்டாயம் இல்ல" என்றார். போனேன்.

அவர் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடது பக்கத்துக் கால்வைக்கும் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இது வளைஞ்சிருந்தது. நிமிர்த்தியிருக்காங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நாள் ஓட்டினீங்க?"

"ஏழு மாசம்."

"எங்கெல்லாம் போனீங்க?"

என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகம். மனைவியின் ஆஸ்பத்திரி. கிருத்திகைக்கு மலை மந்திர். காய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட். ஒருமுறை குர்காவன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மகன் வெளியூரிலிருந்து எழுதிய கடிதத்தை யாரோ வாசித்துக் காட்டுவதைக் கேட்பவர் போல நின்றிருந்தார்.

"மழையில ஸ்டார்ட் ஆகாதே இது" என்றார். "அவன் திட்டிக்கிட்டே தள்ளிட்டு வருவான்."

"எனக்கு மழையிலயும் ஆச்சுங்க. ஒரு தடவைகூட நிக்கல."

அவர் முகம் மாறியது. சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப யாரோ சரி பண்ணியிருக்காங்க. அவனே பண்ணியிருப்பானோ?"



வழக்கு முடியாததால் வண்டியை அவரிடம் கொடுக்க முடியவில்லை. மாதம் ஒருமுறை பல்லப்கரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். பையிலிருந்து துணியை எடுத்து வண்டியைத் துடைப்பாராம். போகும்போது வாசலில் இருக்கும் காவலரிடம், இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டு யாராவது வந்தார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் போவாராம்.